மேஜை சொன்ன கதை

வாசகர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த லிஃப்ட் மெக்கானிக், வந்த நாள் முதல் ஒரே நாவலைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தது மருந்துக்கடைக்காரருக்கு உறுத்தியது. சாப்பாட்டு மேஜை ஒன்று கதை சொல்லும் விசித்திரமான நாவல். எழுதிய பெண்ணின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"பொம்பளை பேர்ல இவரே எழுதியிருக்கார். சொந்தச் சரக்கை நம்ம தலையில கட்டப் பார்க்கிறார்" என்று நர்ஸம்மாவின் காதைக் கடித்தார்.

ஆனாலும் எல்லோரும் படித்துவிட்டு வந்தார்கள். நாவலில் வரும் கணவனை நர்ஸம்மா கிழிகிழியென்று கிழித்தார்.

"பெண்டாட்டி பேசப் பேசப் பேப்பரையே பார்த்துட்டிருக்கான். மரக்கட்டை! அந்த மேஜைக்கு இருக்கிற ஈரம்கூட அவனுக்கு இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் மட்டும் சிரிக்காமல், "மறுபடியும் ஒரு தடவை படிச்சுட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் பொறுமையிழந்தார்.

"பூசி மெழுகாம சொல்லுங்க சார். இது நீங்க எழுதினதுதானே?"

"ஐயோ, இல்லைங்க. என் மனைவி எழுதினது."

"அப்ப அவங்களையே கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"இதை எழுதி முடிச்சுட்டு, என்னை விட்டுப் போயிட்டா." மெக்கானிக் தயங்கினார். "அந்த மரக்கட்டை நான்தாங்க. எத்தனை தடவை படிச்சாலும் என் தப்பு எதுன்னு எனக்குப் பிடிபடலை. நாலு பேர் படிச்சா எடுத்துச் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் தன் நாற்காலியை மெக்கானிக்கின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நாவலை முதல் பக்கத்தில் பிரித்தார்.