திரையில் ஐந்து விரல்கள்

காலைக் காட்சி முடிந்ததும் தியேட்டர் திரையைத் துடைத்துக்கொண்டு வந்த துணி, கீழ் ஓரத்தில் நின்றது. "இங்கே எண்ணெய்க் கறை. ஐந்து குட்டி விரல்."

"அதை விட்டுடு," என்றது திரை.

"ஏன்? பெரிய ஹீரோ படத்துக்கெல்லாம் உன்னைப் பளிச்சுன்னு வச்சிருக்கேன். இது வெறும் கார்ட்டூன் படம்."

"படத்துல கீரிக்குட்டி தொலைஞ்சுபோய் அழுதுச்சு. முன்வரிசையில முறுக்கு தின்னுட்டிருந்த ஒரு பொண்ணு எழுந்து ஓடி வந்தா. 'அழாதே, உங்கம்மா இந்தப் புதருக்குப் பின்னாடிதான் இருக்காங்க'ன்னு இங்கே தொட்டுக் காட்டினா."

"அது படம். அதுக்குக் காது கேட்குமா?"

"ஹீரோக்களுக்கு விசில் அடிச்சிருக்காங்க, பூ எறிஞ்சிருக்காங்க. வழி சொல்ல யாரும் எழுந்து வந்ததில்ல."

துணி முனகிக்கொண்டே கறையைச் சுற்றித் துடைத்துவிட்டு, மேடை ஓரத்தில் போய்ச் சுருண்டு படுத்தது.

மதியக் காட்சியில் கீரிக்குட்டி மறுபடியும் தொலைந்தது, மறுபடியும் அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக அந்த ஐந்து விரல்களை நோக்கி நடந்தது.

"பார்த்தியா," என்றது திரை துணியிடம். "கேட்டிருக்கு."