மாத்திரையை நிறுத்திட்டாங்க

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. நம்ம செமோர் ஊரு பத்துமலை அண்ணன் காதுல விழுந்தா என்னைச் சும்மா விடமாட்டாரு.

மத்தியானம் பத்துமலை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மனைவி மங்களம் கைப்பேசியோடு வந்து நின்றாள்.

"நவமணி போன் பண்ணுச்சு."

"எந்த நவமணி?"

"நமக்கு எத்தனை நவமணி இருக்கு? உங்க தம்பி பொண்டாட்டிதான். முத்துவுக்கு மாத்திரையை நிறுத்திட்டாங்களாம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சொல்லுச்சு. வச்சிருச்சு."

சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது.

தம்பி பிச்சைமுத்துவுக்கு ரத்தப் புற்றுநோய். மெதுவாகப் போகிற வகை. தினம் போடுகிற மாத்திரையில்தான் இத்தனை வருஷமும் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கால ரப்பர் தோட்டத்தில், 'இனி மருந்து வேண்டாம்' என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் சொல்லிவிட்டால், சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார் என்று அர்த்தம். பத்துமலைக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் இருந்த தோட்டத்தைக் கம்பெனி வீடு கட்ட விற்றபோது, அங்கிருந்த முனியாண்டி கோயிலை ரோட்டோரத்துக்கு மாற்றலாம் என்றான் தம்பி. சாமிக் கல்லைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்றார் அண்ணன். கோயில் இடம் மாறிவிட்டது. கோபம் மட்டும் மாறவில்லை.

கையைக் கழுவினார். மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

ஈப்போவில் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே ரேடியோ பாடுகிறது. நவமணி தலை நிறையப் பூவோடு வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

'புருஷன் போகப் போறான், இவளுக்கு வடை கேட்குது!' பத்துமலை பல்லைக் கடித்தார்.

"வாங்க மாமா. உள்ளதான் இருக்காரு."

நாற்காலியிலிருந்து எழுந்த தம்பியை அப்படியே கட்டிப்பிடித்தார்.

"கோயில் எங்க இருந்தா என்னடா? நீ இருந்தாப் போதும். நான்தான் மடையன்."

"என்னண்ணே நீங்க... நானாவது வந்து பேசியிருக்கணும்லா." தம்பியும் அழுதுவிட்டான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணன் மெல்லக் கேட்டார். "எத்தனை நாள்டா சொல்லியிருக்காங்க?"

"எதுக்கு?"

"அதான்... மாத்திரையை நிறுத்திட்டாங்கல்ல."

"ஆமாண்ணே. ரத்தத்துல தேடிப் பார்த்தா நோயோட தடமே கிடைக்கலையாம். ரொம்ப வருஷமா அப்படியே இருக்காம். அதனால நிறுத்திப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாசாமாசம் போயி ரத்தம் குடுக்கணும், அவ்வளவுதான்லா."

பத்துமலைக்கு முகம் சிவந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா நவமணி, இதையும் சேர்த்துப் போன்ல சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

அவள் வடையைத் திருப்பிப் போட்டாள்.

"தீபாவளிக்குக் கூப்பிட்டேன். மக கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். வந்தீங்களா மாமா? நல்லாயிருக்கிற தம்பியப் பார்க்க வரல. சாகப் போறவனப் பார்க்க மட்டும் ஓடி வாரீங்க."

"அதுக்காக ஏமாத்துவியா?"

"நோய் திரும்ப வந்தாலும் வரலாமாம். வந்தா மறுபடி மாத்திரையப் போட்டு அடக்கிடலாம்னு சொல்றாங்க. ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் இவரு தூங்க மாட்டாரு. பக்கத்துல உட்கார்ந்து தைரியம் சொல்ல இவருக்கு அண்ணனைத் தவிர வேற யாரு இருக்கா?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஏமாந்த வெட்கம் விடுமா? செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

நவமணி அவரை முந்திக்கொண்டு போய் வெளிக்கேட்டைப் பூட்டினாள். சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து ரெண்டு பிடி அரிசி கழுவப் போய்விட்டாள்.