பிராகார நடை

தங்கமணி தன்னோடு சேர்ந்து நடக்க வந்துவிட்டதைப் பார்த்ததும் கலைமகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வருகிற புதன்கிழமை கலைமகளின் மகளுக்குப் பூ வைக்க வரப்போகிறவள் இந்தத் தங்கமணி. மாப்பிள்ளை ராஜ்குமாரைப் பெற்றவள். பக்கத்து ஊர்க்காரிக்குக் குத்தாலத்துக் கோயிலில், அதுவும் சாயங்காலம் நடை திறந்ததும் திறக்காததுமாக, என்ன வேலை?

வேண்டுதலா என்று கேட்டாள் தங்கமணி. ஆமாம் என்றாள் கலைமகள். ஊருக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தாள். மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று பிராகாரம் சுற்றுகிறாளாம்.

சாமிக்கும் அவளுக்கும் இடையில் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை.

நடக்கச் சொன்னது தஞ்சாவூர் டாக்டர். மார்பில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, கீமோ ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும் உடம்பு அவளுடையது. இந்த வைத்தியத்தில் உடம்புக்குள்ளே அழற்சி இருக்கும், வெளியில் தெரியாத புண் மாதிரி. படுத்தே கிடக்காமல் தினமும் கொஞ்சம் நடந்தால் அது தணியும், அசதியும் குறையும் என்றார். சொல்லிவிட்டார் மகராசன். வயலும் வீடுமாகக் கிடக்கிறவள் திடீரென்று ரோட்டில் கையை வீசிக்கொண்டு நடந்தால் தெருவே வாசலுக்கு வந்து என்ன ஏதென்று கேட்கும். கோயிலைச் சுற்றினால் யாரும் கேட்பதில்லை.

வீட்டைத் தாண்டி விஷயம் யாருக்கும் தெரியாது. ஊசிக்குப் போகிற நாளெல்லாம் அக்கா வீட்டுக்குப் போனதாகப் பேர். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் நாளைக்கு மகளுக்கும் வரும் என்பார்கள். பூ வைக்க வருகிறவர்கள் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

தங்கமணி பக்கத்தில் மெதுவாக நடந்து வந்தாள். போன மாதம்தான் வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டிருந்தாள், மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை நிரந்தரமானதற்காக. தலை இன்னும் வழவழவென்றிருந்தது. கொடுத்து வைத்தவள், தைரியமாக வெறும் தலையோடு திரிகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் கலைமகள்.

முடி கொட்டிய தலையில் அவள் வைத்திருந்த டோப்பா வியர்வையில் நழுவுகிற மாதிரி இருந்தது. அதன் மேல் கனகாம்பரம் வேறு. அழுத்திவிடலாம் என்றால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் கறுத்துப்போன நகங்கள் தெரியும். விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. நின்றால் ஏன் நின்றாய் என்று கேட்பாள். கேட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். கருங்கல் தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

கடைசியில் நின்றது தங்கமணிதான். சன்னதிக்குப் பின்னால், மதில் நிழலில். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கலைமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள். புதன்கிழமைக்கென்று எடுத்த புடவையை மகள் காலையில்தான் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது?

"மறைச்சுப் பொண்ணு எடுக்க எனக்கு மனசு வரல அண்ணி," என்றாள் தங்கமணி. "எனக்கு மார்ல கட்டி. கீமோ ஊசி போட்டுக்கிட்டிருக்கேன். தெனம் நடக்கச் சொல்லியிருக்காங்க. எங்க ஊர்ல நடந்தா கேப்பாங்கன்னுதான் இன்னைக்கு இங்க வந்தேன். புதன்கிழமை நாங்க வரலாமா?"

கலைமகளுக்கு முதலில் வந்தது அழுகை. எனக்கும்தான் அண்ணி என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் மகளின் நினைப்பு வந்தது. நாளைக்கு இந்தத் தங்கமணிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, வாந்தி அள்ளி, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடக்கப்போவது யார்? பிறக்கிற பிள்ளைக்கும் இது வந்து தொலைத்தால்? ஊரில் எத்தனையோ வீடு இருக்க, இந்த வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது?

இப்படி நினைப்பது தன் மனசுதானா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

தங்கமணி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம் அண்ணி," என்றாள் கலைமகள்.