எந்தப் பக்கத்திலும் இல்லாதவர்

அந்தத் தையல்காரரைக் காணாமல் போகச் செய்தவன் நான்தான்.

ஆள் வீட்டில்தான் இருந்தார். என் பட்டியலில்தான் இல்லை.

கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களைத் திரையில் வரிசையாகக் காட்டும் மென்பொருள் என் கைவண்ணம். பக்கத்துக்கு இருபது பேர், தேதி வாரியாக. மேலே பேர் போட்டுத் தேட ஒரு பெட்டி. அதைப் பார்த்து ஒவ்வொருவராகப் போன் செய்து வரச் சொல்வது தொலைபேசி அறை அக்காவின் வேலை.

போன வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, முதல் பக்கத்துல வந்த ஆளு ரெண்டாம் பக்கத்துலயும் வர்றாரு.”

“ஒரே பக்கத்தை ரெண்டு தடவ பாத்திருப்பீங்கக்கா” என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

இன்று காலை வேறு வேலையாக வந்தவன், பெற்ற பிள்ளையைப் பார்க்கும் பெருமையோடு அக்காவின் திரையை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம் வரை போய்விட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

மென்பொருளைத் திறந்து நான் எழுதியதைப் படித்தேன்.

இலவச முகாம் நடந்த அன்று, ஒரே நாளில் ஐம்பத்தெட்டுப் பேர் பதிவு செய்திருந்தார்கள். தேதிப்படி அடுக்கு என்று கணினிக்குச் சொன்ன நான், தேதி ஒன்றாக இருந்தால் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லவில்லை. பிறகென்ன, ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் அது தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுக் கொடுத்தது. ஒருவர் இரண்டு பக்கத்திலும் வந்தார். அவர் ஏறி உட்கார்ந்த இடத்துக்கு உரியவர் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

‘தேதி ஒன்றானால் பதிவு எண்ணைப் பார்.’ ஒரே வரிதான். சேர்க்க இரண்டு நிமிடம் ஆனது. எழுதும்போதே சேர்க்காததற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

போன வாரம் அக்கா அச்செடுத்து, போன் செய்தவர்களுக்கு நேரே டிக் அடித்து வைத்திருந்த மூன்று தாள்களை, அந்த முகாமின் முழுப் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டேன். தாளில் இல்லாத ஒரே பெயர், அந்தத் தையல்காரருடையது.

பெயருக்கு எதிரே சிவப்பில் மருத்துவரின் குறிப்பு: கண் அழுத்தம் மிக அதிகம். ஒரு வாரத்துக்குள் அறுவை.

பதிவாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த நோயில் போன பார்வை திரும்பாது.

அக்காவின் மேஜையிலிருந்த தொலைபேசியைப் பிடித்து இழுத்தேன். “அக்கா, இவரு நம்பர்! சீக்கிரம் சொல்லுங்க!”

“எதுக்கு? அவரு மாடியில படுத்திருக்காரு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. காலையில நர்ஸைப் பாத்து, ‘உங்க சட்டையில தோள்பட்டைத் தையல் கோணலா இருக்கும்மா’ன்னாராம். அந்தப் பொண்ணு அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியாம வந்து சொல்லிட்டுப் போச்சு.”

பக்கத்தில் நாற்காலி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“அம்பத்தெட்டு போன் பண்ணேன். ஒருத்தரு மட்டும், ‘இப்பதானேம்மா கூப்பிட்ட, காதுல விழலையா’ன்னு திட்டினாரு. ஒருத்தரு ரெண்டு தடவ வந்தா, இன்னொருத்தரு வரவே இல்லைன்னுதானே அர்த்தம்?”

திட்டிய அந்த மகராசர் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் விட்டுப்போனவரின் பேரே தெரியாமல் அவரை எப்படித் தேடுவது? எனக்குத் தெரிந்திருக்காது. அக்கா என் தேடல் பெட்டியில் ‘அ’ என்று அடித்திருக்கிறார். அந்த எழுத்தில் தொடங்குகிறவர்கள் நாலே பேர். ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டார்கள், எவரும் எங்கேயும் நழுவ முடியாது. தாளோடு சரிபார்த்துவிட்டு ‘ஆ’. பிறகு ‘இ’. இப்படியே ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசையில் கடைசி எழுத்து வரை. ‘ங’வைக்கூட விடவில்லை.

“‘ங’வுல யாருக்குக்கா பேரு இருக்கும்?”

“யாரு கண்டா?” என்றார்.

இதெல்லாம் நடந்தது, நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மதிய இடைவேளையில்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேள்விதான் வந்தது.

“மேல சொல்லியிருக்கலாம். என்னையாவது கூப்பிட்டு நாலு வாங்கு வாங்கியிருக்கலாம். சாப்பிடாமக்கூட எதுக்குக்கா இவ்வளவு மெனக்கெட்டீங்க?”

“பொழுது போகல.”

“அக்கா.”

“உன்னைத் திட்டினா நீ அழுவே. எனக்கு அடுத்த போன் இருக்கு.”

“நிஜமாத்தான் கேக்கறேன்க்கா.”

அக்கா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“முன்னாடியெல்லாம் இங்க நோட்டுதான் தம்பி. ஒருநாள் அதுல ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு. யாரும் பிரிச்சுப் பாக்கல. உள்ள இருந்தது என் பேரு. உன் பெட்டி மட்டும் அப்ப இருந்திருந்தா, இந்த இடது கண்ணும் இப்ப உன்னைப் பாத்துட்டிருக்கும்.”