கடை மூடும் நேரத்துப் போன்

"ஏண்டா, ஷட்டரை இறக்கலாமா? இல்ல, உன் பொண்டாட்டி போனை விட்டு நிமிர்ற வரைக்கும் நான் ஷோகேஸ்ல ஏறி உட்கார்ந்துக்கணுமா?"

மெயின் சுவிட்சுக்குக் கீழே நின்று மாமனார் கத்தினார். அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். மகன் ஃபிரேம்களைத் துடைத்து அடுக்குவான். மருமகள் மூலையில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

"இதோ, முடிஞ்சிடுச்சு மாமா."

"எப்படி முடியும்? இன்னிக்கு இங்கே யார் தும்மினாங்கங்கிற வரைக்கும் அம்மா வீட்டுக்குச் சொல்லியாகணுமே!"

அவள் போனைப் பையில் போட்டாள். மாமனார் மெயினை இறக்கினார். கடை இருண்டது.

அலமாரி உச்சியில் இருந்த பாட்டுப் பெட்டி மகனின் கைவேலை. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், ஒரு ஸ்பீக்கர். காலையில் மெயினைப் போட்டதும் இணையத்திலிருந்து தானாகப் பாட ஆரம்பித்துவிடும். லென்ஸ் கொண்டுவருபவர் ஒருநாள் கேட்டார்.

"இப்படித் திடீர்னு கரண்டைப் பிடுங்கினா உள்ளே இருக்கிற மெமரி கார்டு கெட்டுப்போயிடுமே தம்பி?"

"அதெல்லாம் மத்தவங்க பெட்டிக்கு சார். எங்கப்பா ஒரு வருஷமா தினம் மெயினையே பிடுங்கறார். அசைஞ்சுதான்னு கேளுங்க!"

கேட்டுக்கொண்டிருந்த மாமனாருக்கும் பெருமைதான். தன் பழக்கத்தில் தப்பில்லை என்று மகன் வாயாலேயே வந்துவிட்டதே.

அன்று சாயங்காலம் மாமனாரின் பொறுமை தீர்ந்தது.

"இனிமே கடை மூடறப்போ உன் போன் கல்லாவுக்குள்ள இருக்கணும். சாவி என்கிட்ட."

"மாமா, ஒரு நிமிஷம், அது எதுக்குன்னா..."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாவது கேளுங்களேன்..."

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். கொடுத்துட்டு வா."

குற்றம் போன், குற்றவாளி மருமகள், விசாரணை முடிந்தது. போன் கல்லாவுக்குள் போனது. மெயின் இறங்கியது.

மறுநாள் காலை பெட்டி பாடவில்லை. மகன் தட்டினான், கழற்றினான், மாட்டினான். விரல்நகம் அளவு மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

"போச்சு! எல்லாம் போச்சு! மெயினைப் படார்னு இறக்காதீங்கன்னா கேட்டாத்தானே?"

"டேய், எப்போடா சொன்னே? எத்தனை தடவை இறக்கினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு தம்பட்டம் அடிச்சது நீதானே?"

"அது என் பெட்டி தாங்கிச்சு!"

"தாங்கின லட்சணம்தான் தெரியுதே. பொம்மையைத் தூக்கிட்டுப் போ."

"பொம்மை மட்டும் ஏன்? நானும் போறேன். வேற கடையில வேலை கிடைக்காமலா போயிடும்?"

சட்டென்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். மாமனார் தடுக்கவில்லை, கதவைத்தான் காட்டினார்.

மருமகள் வாசலை மறித்து நின்றாள்.

"பையைக் கீழே வைங்க. மாமா, கல்லாவைத் திறந்து என் போனைக் கொடுங்க."

"இப்போ போன் ஒண்ணுதான் குறைச்சலா?"

"அந்தப் பெட்டியை முறையா அணைக்கிற பட்டனை நானே என் போன்ல வெச்சிருக்கேன். ஒரு வருஷமா நீங்க மெயின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி தினமும் நான்தான் அணைச்சேன். அது அடங்குற வரைக்கும்தான் உங்க திட்டை வாங்கிட்டு நின்னேன். மெயினை இறக்காதீங்கன்னா உங்களுக்குக் கோபம் வரும். பெட்டி தாங்காதுன்னா இவருக்கு வரும். ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தாப் போதும்னு இருந்தேன்."

மகன் பையை மெதுவாகக் கீழே வைத்தான். மாமனார் கல்லாச் சாவியைத் தேடினார்.

பிறகு அப்பாவும் மகனும், எதிலுமே ஒத்துப்போகாத அந்த இருவரும், அவளைப் பார்த்து ஒரே குரலில் கேட்டார்கள்:

"இதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"