திறக்காத வெப்சைட்

“இன்னொரு தடவ ‘திறக்கல சார்’னு போன் வரட்டும், ஜாதகத்தையே திருப்பி அனுப்பிடறேன்!” ரிசீவரைப் பட்டென்று வைத்தார் நரசிம்மன்.

“யாரு, மதுராந்தகத்து மாப்பிள்ளையா?” சமையலறையிலிருந்து சகுந்தலா கேட்டாள்.

“வேற யாரு? அந்தத் தாமோதரன்தான். மொதல்ல அவங்க ஊரு பிரவுசிங் சென்டர்ல பாத்தாராம், வரலியாம். அப்புறம் செங்கல்பட்டு போய்ப் பாத்தாராம், வரலியாம். இன்னிக்குக் கேளம்பாக்கத்துல வந்து உக்காந்துகினு இருக்காராம். அங்கயும் வரலியாம்! ஏதாவது சரி பண்ணா கூப்பிடுங்கன்னு அந்த சென்டர் நம்பர் வேற குடுக்கறாரு. நெல் மண்டி வெச்சிருக்கறவருக்குக் கம்ப்யூட்டர் எங்க வரப் போவுது?”

மகள் சுஷ்மிதாவின் போட்டோவைத் தரகரிடம் கொடுக்கக் கூடாது, கண்ட கல்யாண வெப்சைட்டிலும் போடக் கூடாது என்பது நரசிம்மனின் கொள்கை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வெப்சைட் நடத்த உதவும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் இருந்தது. அதை ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் தானே ஏற்றி, மகளின் போட்டோக்களைப் போட்டு ஒரு பக்கமும் செய்துவிட்டார். ஜாதகம் பொருந்திய இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் அதன் விலாசத்தை மெயிலில் அனுப்பினார்.

சுஷ்மிதா பக்கத்திலிருக்கும் கேளம்பாக்கத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு உதவிக்கு வந்தவளை, “நீ தொடாத, எல்லாம் எனக்குத் தெரியும்” என்று விரட்டினார். அதன் பிறகு அவள் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

மூன்று வாரமாக வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. டேபிள் ஃபேன் அதற்கு மட்டும்தான். மிக்ஸி போட்டால் கரண்ட் இறங்கி சர்வர் நின்றுவிடுமாம்.

“தேங்காயக் கல்லுல வெச்சி நசுக்கிகினு கீறேன், சட்னின்னு பேரு!” என்று சீறினாள் சகுந்தலா. “செய்யூர்ல எங்கம்மா வூட்டுல கூட மிக்ஸி ஓடுது. இன்னா பேஜாரு புடிச்ச சர்வருங்க இது?”

“பொண்ணு கல்யாணத்துக்காக ஒரு மாசம் நசுக்கினா தேஞ்சா போயிடுவ? இங்க வந்து பாரு.” நரசிம்மன் விலாசத்தைத் தட்டினார். மாமல்லபுரம் கடற்கரையில் மஞ்சள் சுடிதாரில் சிரித்தாள் சுஷ்மிதா. “போன் பேசறதுக்காக நெட்ட வேற கட் பண்ணிட்டேன். அப்பவும் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வருது! அவ்வளவு பவர். இதப் போயி வரலங்கறாரு.”

காபி டம்ளரோடு வந்த சுஷ்மிதா கதவோரம் நின்று திரையைப் பார்த்தாள்.

“அமெரிக்கா மாப்பிள்ளையப் பாரு. மெயில் போட்ட அரை மணி நேரத்துல பதில்.” பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாளைப் பிரித்து நரசிம்மன் உரக்கப் படித்தார். “‘வெப்சைட் பார்த்தேன் அங்கிள். எல்லா போட்டோவும் பிரமாதம். எனக்குப் பூரண சம்மதம். பிரவின்குமார்.’ சாஃப்ட்வேர் இன்ஜினியர்னா இப்டி இருக்கணும்! இப்பவே அவங்கப்பாகிட்ட சரின்னு சொல்லிடறேன். மதுராந்தகம் வேணாம்.”

அவர் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தபோது, சுஷ்மிதா வந்து போன் கொக்கியை விரலால் அழுத்தினாள்.

“ஒரு நிமிஷம்ப்பா. ரெண்டு பேருக்கும் இன்னா விலாசம் அனுப்பினீங்க?”

“இதோ, இதே விலாசம்தான். லோக்கல்ஹோஸ்ட்.”

“அத யாரு எந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சாலும், அது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயேதான் தேடும். உங்க சர்வர் நல்லாத்தான் ஓடுது. ஆனா என் போட்டோ நம்ம ஹாலத் தாண்டி வெளியவே போகலப்பா.”

நரசிம்மன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கையில் இருந்த தாளை மறுபடி பார்த்தார்.

“அப்போ பிரவின்குமார் பாத்த போட்டோ?”

“சாஃப்ட்வேர் இன்ஜினியர்ப்பா அவரு. அந்த விலாசத்தப் படிச்சிருந்தாலே சிரிச்சிருப்பாரு.”

“உனக்கு... இது எப்பத் தெரியும்?”

“நீங்க மெயில் அனுப்பின அன்னிக்கே,” என்றாள் சுஷ்மிதா, ரிசீவரை அவர் கையில் கொடுத்தபடி. “அந்த பிரவுசிங் சென்டருக்குப் போன் போடுங்க; கேளம்பாக்கம் வரைக்கும் வந்துட்டாரு, பாவம், நேர்லயே வந்து பாக்கச் சொல்லுங்க.”