முப்பத்தெட்டு முப்பத்தைந்துகள்

“முப்பத்தெட்டுத் தாள்லயும் ஒரே தப்பு! அப்பட்டமான காப்பி!” விடைத்தாள் கட்டை மேசையில் ஓங்கிப் போட்டார், திருத்தும் முகாமின் தலைமை ஆசிரியை.

x = −3 எனில் x² + 2x எவ்வளவு என்பது கேள்வி. விடை மூன்று. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார்கள்.

“எல்லாருமே மைனஸ் மூணை விட்டுட்டு x-க்கு அஞ்சைப் போட்டிருக்காங்க மேடம்,” என்றார் அந்தக் கட்டைத் திருத்திய இளம் ஆசிரியர். “காப்பின்னு தோணல. சொல்லிக்கொடுத்ததே இப்படியோ என்னவோ.”

“எந்த வாத்தியார் இப்படிச் சொல்லிக்கொடுப்பாரு? இருபத்திரண்டு வருஷமா கணக்கு நடத்தறேன், என் காதுல பூ சுத்தாதீங்க! எந்த ஸ்கூல், யார் வகுப்புன்னு பார்த்துப் புகார் அனுப்பணும்.”

அந்தக் கட்டின் பள்ளி விவரம் அடங்கிய, முத்திரையிட்ட உறையோடு வந்த எழுத்தர், கணினி முன் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

“மேடம், எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். இந்த x-னா என்னன்னு சொன்னீங்கன்னா, புகாரைத் தப்பில்லாம அடிச்சிடுவேன்.”

பாடம் நடத்தச் சொன்னால் தலைமை ஆசிரியைக்குக் கால் தரையில் நிற்காது. கோபம் போன இடம் தெரியவில்லை. சாக்பீஸோடு பலகைக்குப் போனார்.

“x ஒரு காலி டப்பா. அதுல எந்த எண்ணை வேணும்னாலும் போடலாம். மைனஸ் எல்லாம் இப்ப வேண்டாம், குழப்பும். எப்பவும் போல, x அஞ்சுன்னு வச்சுக்குவோம்…”

இளம் ஆசிரியரின் சிவப்புப் பேனா அப்படியே நின்றது. எழுத்தர் உறையைப் பிரித்துப் படித்தார்.

“மேடம்… உங்க ஸ்கூல்தான். உங்க வகுப்புதான். புகாரை அடிக்கட்டுமா?”